18 கறவை மாடு, ஆண்டு நலத் திட்டம்: மாசக் காலண்டரா, ஈற்றுத் தேதியா?

#1 பவானிக்கரை

வணக்கங்க. கலப்பின ஜெர்சியும் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பும் சேர்த்து 18 கறவை. அதுபோக 5 கிடேரி, 6 கன்று. ரெண்டு வாளி கறவை மெஷின், கோ 5 புல் ஒன்றரை ஏக்கர், வைக்கோல் வெளியில வாங்குறது. வருசத்துக்கு ஒரு நலத் திட்டம் எழுதிச் சுவத்துல ஒட்டணும்னு உட்கார்ந்தேன். இதுவரைக்கும் எழுதினது:

ஜனவரி, ஜூலை: எல்லாத்துக்கும் குடற்புழு மருந்து
மார்ச், செப்டம்பர்: கோமாரி ஊசி
மே: உண்ணி மருந்து அடிப்பு
அக்டோபர் கடைசி: தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஊசி
தினமும்: தாது உப்பு, மடி கழுவுதல்

இதுல என்ன விட்டுப்போச்சு, எது தப்புன்னு சொல்லுங்க.

#2 நாமக்கல் வெட்

தம்பி, எழுதினது மோசமில்லை. ஆனா இது தடுப்பூசி அட்டவணைதான், நலத் திட்டம் ஆகாது. பண்ணையில் பணம் போகும் நோய்களில் பாதிக்கு மேல் ஜனவரி, மார்ச் பார்த்து வருவதில்லை. ஈற்றுக்கு மூன்று வாரம் முன்னும் பின்னும் வருகின்றன. பால் காய்ச்சல் (ஈன்றதும் ரத்தத்தில் கால்சியம் குறைவது), நஞ்சுக்கொடி தங்கல், கருப்பை அழற்சி, கீட்டோசிஸ் (தீனி போதாமல் உடல் கொழுப்பு கரைந்து வருவது), ஈன்ற புதிதில் மடிநோய் எல்லாம் அந்த ஆறு வாரத்துக்குள் அடக்கம். அதனால் இரண்டு தாள் போடுங்க. ஒன்று மந்தை முழுவதுக்குமான காலண்டர். இன்னொன்று ஒவ்வொரு மாட்டுக்கும் அதன் ஈற்றுத் தேதியிலிருந்து முன்னும் பின்னும் எண்ணிப் போடும் தாள்.

முதலில் காலண்டரில் உள்ள ஓட்டைகள்.

தொண்டை அடைப்பான், சப்பை ஊசி அக்டோபர் கடைசியில் போட்டால் தாமதம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கிவிடும். ஊசி போட்டு எதிர்ப்புத்திறன் வர இரண்டு மூன்று வாரம் வேண்டும். ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் முதல் வாரத்துக்குள் முடிங்க. இரண்டுக்கும் ஆறு மாத வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை.

கோமாரிக்குக் கன்றுக்கு நான்காவது மாதம் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. ஊக்க ஊசியை விட்டுவிட்டு அடுத்த சுற்று முகாமுக்குக் காத்திருப்பதுதான் பெரும்பாலான பண்ணைகளில் நடக்கிறது. அந்த இடைவெளியில்தான் கன்றுகள் மாட்டிக்கொள்கின்றன. 2019-ல் தொடங்கிய தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது இலவசம். காதில் 12 இலக்க வில்லை இருக்க வேண்டும், ஊசி விவரம் அந்த எண்ணில் பதிவாகும். எண்ணெய் கலந்த மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்கணும், உறைந்துவிட்டால் வேஸ்ட். ஐஸ் கட்டிமேல் நேராக வைத்துக் கொண்டுவந்த பாட்டிலை வாங்காதீங்க. ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் பால் குறையலாம், திரும்பி வந்துவிடும். கடைசி மாதச் சினை மாட்டைப் பிடித்து முறுக்கிப் போட வேண்டாம். ஈன்ற பிறகு தனியாகப் போடச் சொல்லிக் குறித்துவையுங்க. குறிக்காமல் விட்டால் அந்த மாடு அடுத்த முகாம் வரை ஊசி இல்லாமலே நிற்கும்.

தோல் கழலை நோய்க்கு ஆட்டம்மைத் தடுப்பூசியை ஆண்டுக்கொரு தடவை போடுகிறார்கள். ஈ, கொசு பெருகும் முன் போடணும். ஊசியோடு ஊசி இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்க, கூட்டு மருந்தாக வருவது தவிர. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) ஊசி உங்கள் பகுதியில் ஏற்கெனவே நோய் வந்திருந்தால் மட்டும். அது உயிருள்ள வித்து மருந்து, அந்தச் சமயம் ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஊசி வீணாகிவிடும். ராணிப்பேட்டை கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இந்த மருந்துகளைத் தயாரிக்கிறது, உங்க ஊர் மருந்தகத்தில் கேட்டால் வரும்.

கருச்சிதைவு நோய்க்கான (புரூசெல்லோசிஸ்) எஸ்19 ஊசி உங்கள் பட்டியலிலேயே இல்லை. 4 முதல் 8 மாதக் கிடேரிக்கன்றுக்கு ஆயுளில் ஒரே தடவை.

அடுத்தது மாட்டுத் தாள். சினை ஊசித் தேதியோடு 280 நாள் கூட்டி ஈற்றுத் தேதி போடுங்க. அதிலிருந்து:

60 நாள் முன்: நான்கு காம்பிலும் சி.எம்.டி. சோதனை (பாலில் கரைசல் கலந்து மறைந்த மடிநோய் பார்ப்பது), பால் நிறுத்தம், உடல்நிலை மதிப்பெண் (மாட்டின் கொழுப்பு, மெலிவுக்கு), குளம்பு பார்த்தல்.
21 நாள் முன்: தனிக் கொட்டில், தீவனம் மாற்றம், கால்சியம் நிறுத்தம்.
ஈன்ற அன்று: நேரம், நஞ்சுக்கொடி விழுந்த நேரம், சீம்பால் அளவு.
அடுத்த 10 நாள்: காலையில் மலவாய் வெப்பம். 103 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் அன்றே ஆள் கூப்பிடணும்.
45 முதல் 60 நாள்: சினைப்பருவம் காணாத மாட்டைச் சோதனைக்கு விடுதல்.
சினை ஊசிக்குப் பின் 60 முதல் 90 நாள்: சினைப் பரிசோதனை.

பாக்கி எல்லாம் இதைச் சுற்றித்தான்.

#3 ரப்பர்_லைனர்

டாக்டர் சொன்னது சரி. மெஷின் இருக்கிற பண்ணையில அதுக்கும் ஒரு வரி வேணும். மெஷின் கோளாறுல பாதி மடிநோயாத்தான் வெளியில தெரியும்.

வாளி மெஷினுக்கு வெற்றிட அளவு 44 முதல் 48 கிலோபாஸ்கல், ஏறக்குறைய 330-360 மி.மீ. பாதரசம். துடிப்பு நிமிசத்துக்கு 60, உறிஞ்சலும் ஓய்வும் 60:40. கேஜ் பொய் சொல்லும், அதனால வருசம் ஒரு தடவை வேற கேஜ் மாட்டி ஒத்துப் பாருங்க. அளவு கூடினா காம்பு நுனி வெள்ளை வளையமாத் தடிச்சுப் பூ மாதிரி விரியும். குறைஞ்சா காம்புல மாட்டுற கப்பு வழுக்கும். வழுக்கி உள்ளே காத்துப் போறப்போ ஒரு காம்புப் பால் துளி இன்னொரு காம்புக்குள்ள எதிர்த்து அடிக்கும், தொத்து பரவுற வழியே அதுதான்.

கப்புக்குள்ள இருக்கிற லைனர் ரப்பர் 2500 கறவைக்கு மேல போகக் கூடாது. உங்க கணக்கு: 18 மாடு, ரெண்டு நேரம், ரெண்டு மெஷின். ஒரு மெஷினுக்கு நாளுக்கு 18 கறவை. 2500-ஐ 18-ஆல வகுத்தா சுமார் 139 நாள், நாலரை மாசம். சிலது வத்தல்ல (பால் நிறுத்தி) இருக்கும், அதனால அஞ்சு மாசம்னு வைங்க. கிழியட்டும்னு காத்திருக்கிறது வேண்டாம். விரலை உள்ளே விட்டுப் பார்த்தா சொரசொரப்பு தெரியும், பாக்டீரியா குடியிருக்கிறது அந்த வெடிப்புலதான்.

கறக்கிற வரிசையை மாத்துங்க: முதல் ஈத்துக் கிடேரி முதல்ல, நல்ல மாடு அடுத்து, சி.எம்.டி.யில பிசுபிசுத்த மாடு கடைசி. முதல் மூணு நாலு பீய்ச்சு கறுப்புத் தட்டுல எடுத்துப் பாருங்க, தரையில விடாதீங்க. காம்பைத் தொட்டதுல இருந்து ஒன்றரை நிமிசத்துக்குள்ள கப்பு ஏறணும். கழட்டுறப்போ வெற்றிடத்தை மூடிட்டுக் கழட்டுங்க. இழுத்துப் பிடுங்குறது பழக்கமாயிடுச்சு பல பேருக்கு.

கையால கறக்கிறவங்க கட்டைவிரலை மடக்கிக் கறக்கிறதையும், கையில பாலைத் தொட்டுக்கிறதையும் விடணும்.

#4 கரிசல்காட்டான்

காம்பு முக்கு மருந்தை யாரும் சொல்லலையே. கறந்த உடனே பொவிடோன் அயோடின். கடையில 5 சதவீதம்னு கிடைக்கிற பாட்டில்ல கிடைக்கக்கூடிய அயோடின் அரை சதவீதம்தான் இருக்கு, நமக்கு வேண்டிய அளவும் அதுதான். தண்ணி கலக்காதீங்க. பத்துல ஒரு பங்கு கிளிசரின் சேருங்க, இல்லாட்டி காம்பு வெடிக்கும். ஸ்பிரேயை விடக் கப்புல முக்கறது நல்லது. ஸ்பிரே அடிக்கிறவன் பார்க்கிற பக்கம்தான் நனையும்.

முக்கினதும் தீவனம் போடுங்க. காம்புத் துவாரம் மூட அரை மணி ஆகும். அதுவரைக்கும் மாடு நிக்கணும், சாணித் தரையில படுக்கக் கூடாது.

ஆனா டாக்டரோட '60 நாள் முன்' வரியில அடுத்து என்ன வரும்னு தெரியும்: நாலு காம்புலயும் ஆன்டிபயாடிக் ட்யூப். எல்லா மாட்டுக்கும் கண்ணை மூடிக்கிட்டு ஏத்துறதை நான் ஒத்துக்கமாட்டேன். சுத்தமான காம்புக்குள்ள குச்சி விட்டுத் திறக்கிறதே ஒரு ரிஸ்க். அதுக்குச் சோத்துக்கத்தாழை, மஞ்சள், சுண்ணாம்பு போதும்.

#5 நாமக்கல் வெட்

முதல் பாதிக்கு முழு உடன்பாடு. இரண்டாம் பாதியில் இரண்டு விஷயத்தை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள்.

எல்லா மாட்டுக்கும் ட்யூப் என்பது பிரிட்டனில் 1960-களில் வகுத்த ஐந்து அம்ச மடிநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்திலிருந்து வந்த பழக்கம். அந்தக் காலத்துக்கு அது சரி, மாட்டுக்கு மாடு தொற்றும் கிருமிகள் மந்தை முழுக்க இருந்தன. இப்போது ஐரோப்பாவிலேயே 2022 ஜனவரி முதல் வருமுன் காப்பு என்று சொல்லி மந்தை முழுவதுக்கும் ஆன்டிபயாடிக் போடுவதைக் கட்டுப்படுத்திவிட்டார்கள். 18 மாட்டுப் பண்ணையில் தேர்ந்து போடுவது சுலபம். நிறுத்தும் நாளில் சி.எம்.டி., ஒவ்வொரு காம்புக்கும் தனிக் குழியில் 2 மி.லி. பாலும் அதே அளவு கரைசலும். பிசுபிசுத்தாலோ, அந்த ஈற்றில் ஒரு தடவை மடிநோய் வந்திருந்தாலோ அந்த மாட்டுக்கு ட்யூப் உண்டு. சுத்தமாக இருந்தால் வேண்டாம், காம்பு அடைப்பான் பசை மட்டும், அதுவும் இல்லையென்றால் சுத்தமான படுக்கையும் ஒரு வாரம் காம்பு முக்கலும்.

ட்யூப் போடும் முறையில்தான் பலர் கெடுக்கிறார்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கணும். தூரத்துக் காம்பு முதலில், கிட்டத்துக் காம்பு பிறகு. போடும்போது கிட்டத்தது முதலில், தூரத்தது பிறகு, துடைத்த காம்பில் கை படாமல் இருக்கத்தான் இந்த வரிசை. ஊசிமுனையில் 3 மில்லிமீட்டர்தான் உள்ளே போகணும். முழுக்க நுழைத்தால் துவாரத்தின் உள்தோல் கிழிந்து வெளிக்கிருமியை உள்ளே தள்ளும். கரிசல்காட்டான் சொல்லும் ரிஸ்க் அதுதான், மருந்தின் குற்றம் அல்ல.

பால் நிறுத்துவது திடீரென்றுதான். ஒரு வேளை விட்டு ஒரு வேளை கறந்து இழுப்பதால் பயனில்லை. நாளுக்கு 10, 12 லிட்டருக்கு மேல் இருந்தால் ஒரு வாரம் முன்பே அடர்தீவனத்தைக் குறைத்து இறக்குங்க. தண்ணீரைக் குறைக்காதீங்க, அது கொடுமை, தேவையும் இல்லை.

மூலிகைப் பசை: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்தால் செங்கல் நிறம் வரும். ஒரு கைப்பிடி எடுத்து 150, 200 மி.லி. தண்ணீரில் கரைத்து, மடியை முழுக்கப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, நாளுக்கு 8 முதல் 10 தடவை ஐந்து நாள் பூசணும். அன்றன்றைக்குப் புதிதாக அரைக்கணும். ஆரம்ப வீக்கத்துக்கும் சி.எம்.டி.யில் மட்டும் தெரியும் மடிநோய்க்கும் நல்ல பயன். காலையில் பூசி மாலையில் பூசிவிட்டு 'கேக்கலை' என்று சொல்வதில் நியாயமில்லை, பத்துத் தடவை பூச ஆள் வேண்டும். ஆனால் மாடு காய்ச்சலோடு தீனி எடுக்காமல், பால் தண்ணியாகவோ ரத்தமாகவோ வந்தால் பசையோடு உட்காராதீங்க. அது மணிக்கணக்கில் கொல்லும் வகை.

#6 பவானிக்கரை

ரொம்ப நன்றிங்க டாக்டர். ரெண்டு சந்தேகம். '21 நாள் முன், கால்சியம் நிறுத்தம்'னு போட்டிருக்கீங்க. எங்க பக்கம் எட்டாம் மாசத்துல இருந்து தினமும் 100 மி.லி. கால்சியம் டானிக் ஊத்துறதுதான் வழக்கம், பால் காய்ச்சல் வராதுன்னு. இன்னொண்ணு, நஞ்சுக்கொடி விழுறதுக்கு முன்னாடி கன்னுக்குச் சீம்பால் விட்டா நஞ்சு விழாதுன்னு பெரியவங்க சொல்றாங்களே?

#7 தீவனக்கணக்கு

ரெண்டுமே தலைகீழா இருக்குங்க. முதல் கேள்விக்கு நான் சொல்றேன்.

ஈன்ற அன்னிக்குச் சீம்பால்ல போற கால்சியம், ரத்தத்துல இருக்கிறதைப் போலப் பல மடங்கு. அதை எலும்புல இருந்து கரைச்சும் குடல்ல அதிகமா உறிஞ்சியும்தான் மாடு சமாளிக்கணும். அந்த ஏற்பாடு ஓட ரெண்டு மூணு நாள் முன்கூட்டியே கால்சியத்தைக் கட்டுப்படுத்துற சுரப்பி முழிச்சிருக்கணும். வாயில தினமும் ஊத்திக்கிட்டே இருந்தா சுரப்பி தூங்கிடும். ஈன்ற அன்னிக்கு எழுப்பினா எழும்பாது. பால் காய்ச்சலை விலைக்கு வாங்குறது இப்படித்தான்.

கடைசி மூணு வாரம்: கால்சியம் டானிக் இல்லை. குதிரைமசால், வேலிமசால் குறைச்சிடுங்க, கால்சியமும் பொட்டாசியமும் ரெண்டும் கூட. பொட்டாசியம் கூடுன புல்லும் கெடுதல், சாணிக்குழித் தண்ணி நேரா பாயற கோ 5-ல அது ஏகத்துக்கு இருக்கும். அந்த வயல் புல்லைக் கறவைக்குப் போடுங்க. கடைசி மாசச் சினைக்குச் சோளத்தட்டு, வைக்கோல், கொஞ்சம் வேற வயல் புல். அடர்தீவனம் ஒண்ணரை கிலோவுல ஆரம்பிச்சு மெல்ல மூணு கிலோ வரைக்கும் ஏத்துங்க, குடல் நுண்ணுயிர் பழகுறதுக்கு. பால் காய்ச்சலைத் தடுக்கிற எதிர்மின் (ஆனியானிக்) உப்புக் கலவை கிடைச்சா மூணாவது ஈத்துக்கு மேல் உள்ள மாட்டுக்கு மட்டும் போட்டாப் போதும், முதல் ஈத்துக் கிடேரிக்குப் பால் காய்ச்சல் அபூர்வம். அந்த உப்பு கசக்கும், மாடு தீனியையே விட்டுடும். அப்போ பால் காய்ச்சலுக்குப் பதிலா கீட்டோசிஸ் வரும். தின்னலைன்னா நிறுத்திடுங்க.

கால்சியம் கொடுக்கவேண்டிய நேரம் ஈன்ற கையோட: ஜெல் ஒண்ணு, 12 மணி கழிச்சு இன்னொண்ணு. நிக்கிற, விழுங்குற மாட்டுக்கு மட்டும். தலை தொங்குற மாட்டுக்கு வாயில ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும்.

கறவைக்கு: உடம்புக்கு ஒண்ணரை கிலோ, அப்புறம் ரெண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. 15 லிட்டர் மாட்டுக்கு ஏழரை கிலோ. ஒரே வேளையில மூணு கிலோவுக்கு மேல வைக்காதீங்க, மூணு வேளையாப் பிரிங்க. தாது உப்பு 50 கிராம், சாதா உப்பு 30 கிராம், பத்து லிட்டருக்கு மேல கறக்கிற மாட்டுக்குச் சமையல் சோடா 100 கிராம். கல்யாண மண்டபத்துச் சோறு, பழைய கஞ்சி இதெல்லாம் திட்டத்துல தடை வரியா எழுதிடுங்க. நம்ம ஊர்ல அமில வயிறு வர்றதுக்கு முதல் காரணம் அதுதான். கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் பூஞ்சை பிடிச்சிருந்தா மாட்டுக்கும் வேண்டாம். நஞ்சு பாலுக்கு வரும். பால்ல அந்த நஞ்சு (அஃப்ளாடாக்சின் எம்1) ஒரு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு சட்டமே இருக்கு.

முழங்கால் உயரம்கூட வராத இளஞ்சோளத்தையும், தண்ணி இல்லாம வாடின சோளத்தையும் அறுக்காதீங்க, சயனைடு. மரவள்ளி இலையும் அப்படித்தான்.

#8 நாமக்கல் வெட்

சீம்பால் கேள்விக்கு: கன்று ஊட்டினால் ஆக்சிடோசின் சுரந்து கருப்பை சுருங்கும், நஞ்சு விழ அதுதான் உதவி. காத்திருந்தால் கன்றுக்குத்தான் நஷ்டம். குடல் சுவர் எதிர்ப்புப் புரதத்தை அப்படியே உள்ளே விடுவது முதல் சில மணி நேரம்தான், ஆறு மணிக்குள் பெரும்பங்கு போயாக வேண்டும், 24 மணியில் கதவு மூடிவிடும். 25 கிலோ கன்றுக்கு முதல் இரண்டு மணிக்குள் இரண்டரை லிட்டர், பிறகு 12 மணிக்குள் இன்னொரு ஒன்றரை, இரண்டு லிட்டர். குடித்ததா என்று பார்ப்பது போதாது, பீய்ச்சி அளந்து ஊட்டுங்க. சீம்பாலின் தரம் பார்க்கும் பிரிக்ஸ் மானி இருந்தால் 22-க்கு மேல் காட்டணும், கீழே இருந்தால் வேறு மாட்டின் நல்ல சீம்பால் கொடுங்க. தொப்புளை இரண்டு அங்குலம் விட்டுக் கட்டி 7 சதவீத அயோடினில் முக்குங்க. பத்தாம் நாள் பைபரசின், பிறகு ஆறு மாதம் வரை மாதாமாதம் குடற்புழு மருந்து. வளர்ந்த மாட்டுக்கு ஜனவரி, ஜூலை என்று கண்ணை மூடிக் கொடுப்பதை விட, மழைக்கு முன்னும் பின்னும் ஐந்தாறு மாட்டுச் சாணியை மருந்தகத்தில் கொடுத்து முட்டை பார்த்துக் கொடுப்பது நல்லது. எப்போதும் ஒரே மருந்து என்றால் புழு பழகிவிடும்.

கொம்பு சுடுவதாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்துக்குள், கொம்பு நரம்புக்கு மரப்பு ஊசி போட்டு. ஆறு மாதக் கன்றைக் கட்டிப் போட்டுச் சுடுவதை யாரும் 'வழக்கம்' என்று சொல்லிக்கொண்டு வர வேண்டாம்.

நஞ்சுக்கொடி 12 மணி தாண்டினால் தங்கல். கல், செங்கல் கட்டித் தொங்கவிடாதீங்க, கை விட்டு உருவாதீங்க. கருப்பை உள்தோல் கிழிந்து அடுத்த சினை மூன்று மாதம் தள்ளிப்போகும். வெப்பத்தைப் பாருங்க, தீனி எடுக்கிறதா பாருங்க. காய்ச்சல் வந்தால்தான் மருந்து.

பால் காய்ச்சலில் படிகள் இப்படி. முதலில் தடுமாற்றம், பின்கால் நடுக்கம், பல் நெறிப்பு. அடுத்து உட்கார்ந்துவிடும், கழுத்தை எஸ் எழுத்து மாதிரி வளைத்து விலாவில் வைக்கும், காது குளிரும், சாணி நிற்கும். மூன்றாவதில் பக்கவாட்டில் சாயும், வயிறு உப்பும், சில மணியில் போய்விடும். முதல் இரண்டிலேயே 1962-க்கு (கால்நடை ஆம்புலன்ஸ்) போன் அடிங்க. வரும் வரை மாட்டை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, இரண்டு பக்கமும் வைக்கோல் கட்டு முட்டுக் கொடுங்க. கால்சியம் போரோகுளுக்கோனேட் 450 மி.லி. ரத்தக்குழாயில் ஏற்றுவது 10 முதல் 20 நிமிடம், இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டு. வேகமாக ஓடினால் இதயம் நின்றுவிடும். வீட்டில் யாராவது 'கைப்பழக்கம்' என்று ஏற்ற முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்க.

எழாமல் படுத்துவிட்டால் மூன்று நான்கு மணிக்கு ஒரு தடவை புரட்டணும். கீழே இருக்கும் காலின் தசைக்கு ரத்தம் போகாமல், நோய் தீர்ந்த பிறகும் எழ முடியாமல் போவதற்கு அதுதான் காரணம். கான்கிரீட்டில் விடாதீங்க, ஒரு அடி மணல்.

#9 தொழுவத்தளம்

நோய், மருந்துன்னே போகுது. மாடு படுக்கிறதையும் எழுதுங்க. கறவை மாடு நாளுக்கு 10, 12 மணி நேரம் படுக்கணும். படுக்கும்போது மடிக்குப் போற ரத்தம் கூடும், குளம்புக்கு ஓய்வு. படுக்காத மாட்டுக்கு எவ்வளவு தாது உப்பு போட்டாலும் கால் போயிடும்.

சோதனை ஒண்ணு: நீங்களே அந்தத் தரையில முழங்கால் ரெண்டும் போட்டு விழுந்து பாருங்க. வலிச்சா மாட்டுக்கும் வலிக்கும். எழுந்து முழங்கால் துணியைப் பாருங்க. நனைஞ்சிருந்தா படுக்கை ஈரம்.

மாட்டுக்கு மூன்றரை சதுர மீட்டர் கூரைக்குக் கீழ, அதுக்கு ரெட்டிப்பு திறந்தவெளி. இரவு முழுக்கக் கட்டியே வைக்கிறதை விடத் திறந்தவெளியில விட்டா சினைப்பருவமும் கண்ணுல படும், குளம்பும் தானா தேயும். கட்டினா கயிறு, தலை விலாவுக்குத் திரும்புற நீளம் இருக்கணும். ரப்பர் விரிப்பைப் போட்டுட்டு அதுக்குக் கீழ மூத்திரம் தேங்க விட்டா, மடிநோயை வட்டியோட வாங்குறீங்க. வாரம் ஒரு தடவை தூக்கிக் கழுவுங்க. தரை வழுக்குச்சுன்னா கோடு வெட்டுங்க, சுண்ணாம்பு தூவுறது ஒரு நாளைக்குத்தான்.

குளம்பு வருசம் ரெண்டு தடவை வெட்டணும், ஒரு தடவை பால் நிறுத்துற நாள்ல. நடையைத் திங்கக்கிழமை தோறும் பாருங்க: நிக்கும்போது முதுகு நேரா, நடக்கும்போது வளையுதுன்னா நொண்டல் ஆரம்பம். அந்த நிலையிலேயே பிடிச்சா ஒரு வெட்டுல சரியாகும். குளம்புக் குளியலுக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 5 சதவீதம், அதாவது 100 லிட்டருக்கு 5 கிலோ, மூணு மீட்டர் நீளத் தொட்டி, 10 சென்டிமீட்டர் ஆழம். அதுக்கு முன்னாடி வெறும் தண்ணித் தொட்டி ஒண்ணு, இல்லைன்னா சாணி கலந்து மருந்து செத்துடும்.

வெயிலுக்கு: மூச்சு நிமிசத்துக்கு 60 தாண்டுனா எச்.எஃப். கலப்பு தவிக்குதுன்னு அர்த்தம். ஏப்ரல், மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு விலா அசைவை எண்ணுங்க, வேற கருவி வேண்டாம். மாடு நனையணும், காத்து ஓடணும், ரெண்டும் சேர்ந்தாத்தான் குளிரும். காத்தாடி இல்லாத கொட்டாயில தண்ணியை மட்டும் தெளிச்சா ஈரப்பதம் கூடி இன்னும் மோசம். பெரும்பங்குத் தீனியை ராத்திரி 8 மணிக்கு மேல வைங்க. தொட்டியில தண்ணி 24 மணி நேரமும், வெயில் நாள்ல மாட்டுக்கு 100 லிட்டர் வரைக்கும் போகும்.

#10 கரிசல்காட்டான்

உண்ணி விட்டுப்போச்சு. மே மாசம் ஒரு அடிப்புன்னு பவானிக்கரை போட்டிருக்கார், அது பத்தாது. மாட்டு மேல இருக்கிறது கொஞ்சம்தான், மிச்சம் சுவத்து இடுக்குல முட்டை. மாட்டுக்கு அடிக்கிற அன்னிக்கே சுவத்து வெடிப்பு, காடி அடி, தூண் ஓரம் அத்தனைக்கும் அடிச்சு, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும். வெடிப்பைப் பூசி மூடுறதும், மாசம் ஒரு தடவை தீப்பந்தம் காட்டுறதும் மருந்தை விட நிலைக்கும். கூரை கீத்தா இருந்தா தீயை மறந்துடுங்க.

கலப்பின மாட்டுல திடீர்க் காய்ச்சல், முன்தோள்பட்டை நிணநீர்க் கட்டி வீக்கம், கண் வெளுப்புன்னா உண்ணி பரப்புற தைலேரியா ரத்த நோய்னு சந்தேகம். மூத்திரம் காப்பி நிறம்னா பெபீசியா, அதுவும் உண்ணியால வர்றதுதான். ரெண்டுக்கும் மருந்து வேற வேற. ரத்தப்பூச்சு எடுக்காம ரெண்டையும் சேர்த்துக் குத்தாதீங்க.

#11 பவானிக்கரை

இவ்வளவும் எழுதினாத் திட்டம் புத்தகமாயிடும்போல இருக்குங்க. எது முக்கியம், எது நல்லாப் போகுதுன்னு எப்படி அளக்கிறது? புத்தகத்துல பால் காய்ச்சல் 5 சதவீதத்துக்குக் கீழன்னு போட்டிருக்கு, 18 மாட்டுல 5 சதவீதம்னா ஒரு மாடுகூட இல்லையே.

#12 நாமக்கல் வெட்

அதனால்தான் சின்ன மந்தைக்குச் சதவீதம் பார்க்கக் கூடாது. தலை எண்ணுங்க, ஆனால் பின்னோக்கி 12 மாதத்துக்கு. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஆறு எண்: பால் காய்ச்சல் வந்த மாடு, மடிநோய் வந்த மாடு, நொண்டிய மாடு, நஞ்சு தங்கியது, செத்த கன்று, ஈன்று 110 நாள் ஆகியும் சினை பிடிக்காத மாடு. 12 மாதத்தில் பால் காய்ச்சல் இரண்டு வந்தால் தீவனத்தைப் பிரித்துப் பார்க்கணும். மடிநோய் நான்கு தாண்டினால் மெஷினையும் கறக்கும் ஆளையும் பார்க்கணும். கன்று ஒன்று செத்தாலே சீம்பால் நேரத்தைப் புரட்டிப் பார்க்கணும். எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்பதை இப்போதே எதிரில் எழுதிவையுங்க. நோய் வந்த பிறகு யோசித்தால் எல்லாம் 'காலநிலை' என்றுதான் முடியும்.

உடல்நிலை மதிப்பெண் ஒன்று முதல் ஐந்துக்குள். நிறுத்தும்போதும் ஈனும்போதும் 3 முதல் 3.5. வத்தலில் கொழுக்க வைத்தால் ஈன்றதும் தீனி குறைந்து கீட்டோசிஸ். ஈன்ற இரண்டாம் வாரத்தில் பால் குறைந்து, அடர்தீவனத்தை விட்டு வைக்கோலை மட்டும் கடித்து, மூச்சில் நகப்பூச்சு கழுவி வாடை வந்தால் அதுதான். புரோப்பிலீன் கிளைக்கால் 300 மி.லி. நாளுக்கு ஒரு தடவை, மூன்று முதல் ஐந்து நாள் வாயில். வெல்லத்தைக் கரைத்து ஊற்றுவது மாட்டில் வேலை செய்யாது, முதல் இரைப்பையிலேயே நொதித்துவிடும், ரத்தத்துக்குச் சர்க்கரையாகப் போகாது.

மருந்துப் பலகை ஒன்று கறவை இடத்திலேயே வேண்டும்: மாட்டு எண், மருந்து, கடைசி ஊசி நேரம், பால் எந்த வேளையிலிருந்து ஊற்றலாம். மாட்டின் பின்காலில் சிவப்புப் பட்டி. மருந்துக்குப் பிறகு எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது என்பது லேபிளில் போட்டிருக்கும், மருந்தின் அளவைக் கூட்டினால் அந்த நாளும் நீளும். ஒரு காம்பில் ட்யூப் போட்டால் நான்கு காம்புப் பாலும் ஆகாது. வலி மருந்தை மறக்காதீங்க, கடின ஈற்று, குளம்பு வெட்டு, மடிநோய் எல்லாவற்றுக்கும் மெலாக்சிகாம் கொடுத்தால் தீனி சீக்கிரம் திரும்பும். டைக்ளோஃபெனாக் கால்நடைக்கு 2006-லேயே தடை, கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் 2023-ல். இந்த மருந்து போட்டுச் செத்த மாட்டைத் தின்னும் பாறு கழுகு சிறுநீரகம் போய்ச் சாகிறது. நீலகிரி அடிவாரம், மோயாறு பக்கம் மிச்சம் இருக்கும் கழுகுக்கு உங்க ஊர்ச் சந்தை மாடும் போய்ச் சேரலாம்.

#13 ரப்பர்_லைனர்

சந்தை மாடுன்னதும் நினைவு வருது. புதுசா வாங்குற மாட்டுக்குத் திட்டத்துல இடமே இல்லை. 30 நாள் தனிக் கொட்டாய், தனி வாளி, கறவை கடைசியில. சி.எம்.டி. வாங்குறதுக்கு முன்னாடியே. ரத்தம் எடுத்துக் கருச்சிதைவு நோய்ச் சோதனை, காசநோய்த் தோல் சோதனை. வித்தவர் எரிச்சலானா அந்த மாட்டை விட்டுடுங்க.

#14 பவானிக்கரை

சரிங்க, ரெண்டு தாளாப் பிரிச்சு எழுதிட்டேன். கடைசியா ரெண்டு. எஸ்19 போடாம விட்ட கிடேரி ஒண்ணு 11 மாசம் ஆச்சு, இப்போ போடலாமா? இன்னொண்ணு, மயில்துத்தத் தண்ணியைக் குளிச்ச பிறகு எங்க ஊத்துறது? சாணிக்குழி வழியா புல்லு வயலுக்குத்தான் போகுது.

#15 நாமக்கல் வெட்

போடக் கூடாது. 8 மாதத்துக்கு மேல் போட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் வருடக்கணக்கில் நிற்கும், பிறகு சோதனையில் நோயா ஊசியா என்று பிரிக்க முடியாது. சினையாக இருந்தால் கன்றை வீசவும் கூடும். காளைக்கன்றுக்கும் போடுவதில்லை. அந்தக் கிடேரிக்குத் தாளில் 'எஸ்19 இல்லை' என்று சிவப்பில் எழுதி, சினை ஊசிக்கு முன் ஒரு ரத்தச் சோதனை. ஐந்து மாதச் சினைக்கு மேல் எந்த மாடு கன்று வீசினாலும் நஞ்சையும் கன்றையும் வெறும் கையால் தொடாதீங்க. கையுறை போட்டு எடுத்துச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைங்க. கருச்சிதைவு நோய் மனிதருக்கும் வரும், விட்டு விட்டுக் காய்ச்சலாக மாதக்கணக்கில். எஸ்19 மருந்தும் உயிருள்ளது, போடும்போது பிடிக்கிற ஆள் கண்ணைக் காத்துக்கணும்.

#16 தொழுவத்தளம்

மயில்துத்தத்தைச் சாணிக்குழிக்கு விடாதீங்க. செம்பு மண்ணுல சேர்ந்துக்கிட்டே போகும், கழுவிப் போகாது. ஆடு அந்தப் புல்லை மேஞ்சா ஈரல் கெட்டுச் சாகும், செம்மறிக்கு ரொம்பக் கொஞ்சமே போதும். உங்க மந்தைக்கு 100 லிட்டர் போதும், 18 மாடு நாலு நாள் நடந்தாலும் 150 தடவைக்குள்ளதான், அதுவரைக்கும் அதே கரைசலைப் பயன்படுத்தலாம். அதுக்கப்புறம் மண்ணு கெட்டா பரவாயில்லைங்கிற தரிசு ஓரமா, கிணத்துக்கும் வாய்க்காலுக்கும் தூரமா ஒரு குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டி அதுல விடுங்க. மழை மூணு மாசம் மட்டும் வாரம் ரெண்டு நாள் குளிப்பாட்டி, காஞ்ச மாசத்துல நிறுத்திட்டா மயில்துத்தம் தேவைக்கு மேல வாங்க வேண்டியதில்லை.

#17 தீவனக்கணக்கு

குழி புல்லு வயலுக்கு மேட்டுல இருந்தா சுண்ணாம்பு போட்டும் பிரயோசனமில்லைங்க, பள்ளத்துப் பக்கமா வெட்டுங்க. அந்தத் தாள் ரெண்டையும் இங்கே ஏத்துங்க, வத்தல் தீவன வரியை ஒருக்கா பார்த்துடலாம்.